ஐந்து நாள், சொந்த வண்டி, பிள்ளைகளும் பெரியவர்களும்: வால்பாறை – மூணாறு பயணத்தை நாமே திட்டமிடுவது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: திருச்சியிலிருந்து கிளம்பி ஐந்து நாள், சொந்த ஏழு சீட் வண்டி, நீங்களும் மனைவியும், எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட அப்பா அம்மா, அப்பாவுக்கு மூட்டுவலி. டிராவல்ஸில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு மூன்றையும் ஒரே பேக்கேஜில் தருகிறேன் என்கிறார்கள், அது வேண்டாம், நாமே திட்டம் போட்டு நாமே ஓட்டிப் போனால் சரிவருமா, எந்தப் பக்கம் போகலாம்?

தாராளமாகப் போகலாம். ஆனால் மூன்று மலையை ஐந்து நாளில் பார்க்கிற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஊட்டியில் இறங்கி, கோவை வெயிலில் நின்று, கொடைக்கானல் ஏறி, மறுபடி இறங்கி, தேனி வழியாக மூணாறு ஏறினால், பிள்ளைகள் பார்த்தது முன்சீட்டின் முதுகாகத்தான் இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது ஆனைமலையைச் சுற்றி வருகிற ஒரு வழி: பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, திரும்பி இறங்கி உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு, அப்புறம் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கித் தேனி, திண்டுக்கல், திருச்சி. வால்பாறையில் இரண்டு இரவு, மூணாறில் இரண்டு இரவு. பெட்டிகளை இரண்டே முறைதான் இறக்கி ஏற்ற வேண்டும். பெரியவர்களோடு போகிறபோது எத்தனை இடம் பார்த்தோம் என்பதைவிட எத்தனை முறை அறை மாறினோம் என்பதுதான் களைப்பைத் தீர்மானிக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கட்டாயம் வரும். வால்பாறையும் மூணாறும் விரல் அகலத்தில் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன, எதற்கு பொள்ளாச்சிக்கு இறங்கி உடுமலை சுற்றி ஏற வேண்டும்? நடுவில் இருப்பது புல்வெளி மலையும் சோலைக்காடும், இந்தப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்கா, தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடியே (2,695 மீட்டர்) அங்கேதான் இருக்கிறது. பொதுமக்கள் வண்டி போகிற சாலை அதன் குறுக்கே கிடையாது. மலக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கேரளாவில் இறங்கி மூணாறுக்கு ஏறலாம், அழகான காட்டுவழிதான், ஆனால் ஒரு நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும். இந்த முறை வேண்டாம்.

இனி கணக்கு. மலையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள், மணியை வைத்தும் வெளிச்சத்தை வைத்தும் மட்டும் திட்டம் போடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் 40 கொண்டை ஊசி வளைவு, நின்று பார்த்துப் போனால் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர், மூன்று மணிக்குக் குறையாது. மூணாறிலிருந்து போடி 70 கிலோமீட்டருக்குள், இரண்டரை மணி. இந்த நேரத்தோடு ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிற வண்டி நிற்காமல் போகாது. எந்த நாளும் மாலை ஐந்து மணிக்குள் அறையில் இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று தானாகத் தெரிந்துவிடும்.

இருட்டுக்கு முன் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பயமுறுத்தல் இல்லை. வால்பாறைச் சாலை, உடுமலை மூணாறு சாலை, இந்த இரண்டு மலைச்சாலைகளும் காப்பகத்துக்குள்தான் போகின்றன. ஆழியாறில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது, உடுமலை மூணாறு சாலையில் ஒன்பதாறு என்கிற இடத்தில் ஒரு சோதனைச்சாவடி, அதைத் தாண்டினால் சின்னாறில் கேரள எல்லை. இரவில் சுற்றுலா வண்டி போக இவை இடமில்லை. போதாக்குறைக்குக் கோடையில் அந்த உடுமலைச் சாலையைத் தாண்டித்தான் யானைகள் அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்கப் போகின்றன. பகல் இரண்டு மணிக்குள் சின்னாறைக் கடந்துவிடுவது போல வைத்துக்கொண்டால் நிம்மதி.

முதல் நாள் அதிகாலை ஐந்து மணிக்குத் திருச்சியில் வண்டியை எடுங்கள். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி, நல்ல சாலை. வழியில் காலை உணவு முடித்துப் பதினோரு மணிக்குள் பொள்ளாச்சி வந்துவிடலாம். டேங்க்கை அங்கேயே நிரப்புங்கள். கேரளாவில் பெட்ரோல் சில ரூபாய் கூடுதல், அதைவிட முக்கியம், மலை மேல் பங்க் தேடி அலையக் கூடாது. கழிப்பறை வேலையையும் எல்லோருக்கும் அங்கே முடித்துவிடுங்கள், அம்மாவையும் மனைவியையும் இதில் சங்கடப்பட விடாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுகிறவரின் பொறுப்பு. ஆழியாறு தாண்டிய பிறகு வழியெல்லாம் காடு, நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

ஆழியாறிலிருந்து ஏற்றம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை, கீழே அணையின் நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும், நம் மாநில விலங்கான வரையாடு அந்தப் பாறைச் சரிவில் சாலையோரத்துக்கே வந்து நிற்கும். ஓரமாக நிறுத்தி, சத்தம் போடாமல், எதையும் கொடுக்காமல் பாருங்கள். பிறகு அட்டகட்டி, வாட்டர்ஃபால் எஸ்டேட், கவர்க்கல். கவர்க்கல் பக்கம் பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கி எதிரே வருகிற வண்டி தெரியாமல் போகும். அப்போது ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். லோ பீம், பனிவிளக்கு இருந்தால் அது, சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்து மெதுவாக. நான்கு பக்கமும் இண்டிகேட்டரை மினுக்கிக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதைச் செய்தால் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அது நின்றுபோன வண்டிக்கான சைகை.

ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இதுவரை சமவெளியில்தான் ஓட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக, இல்லை மனைவியோடு மட்டும், திண்டுக்கல் பக்கத்தில் சிறுமலைக்கு ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். 18 கொண்டை ஊசி வளைவு, திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். அது உங்கள் கைக்கும் பயிற்சி, வண்டிக்கும் சோதனை. பிரேக்கில் ஏதாவது உரசல் சத்தம், கிளட்ச் வழுக்கல், வெப்ப முள் ஏறுவது என எது இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும், குடும்பத்தோடு கவர்க்கலில் நிற்கும்போது தெரிய வேண்டாம்.

ஏறும்போது விஷயம் சுலபம்: என்ஜின் திணறுவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். கொண்டை ஊசியில் எதிரே பஸ் வருகிறது என்று தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்கு அந்த வளைவின் முழு அகலமும் வேண்டும், நாம் பாதியில் போய் மூக்கை நீட்டினால் இரண்டு பேருமே பின்னால் எடுக்க வேண்டிவரும். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி, இறங்குகிறவர் நின்று விட வேண்டும் என்பது சட்டவிதியும்கூட. இடதுபக்கமே போங்கள், வளைவைக் குறுக்கே வெட்டாதீர்கள், மறைவான திருப்பத்தில் ஒரு சின்ன ஹார்ன்.

உண்மையான ஆபத்து இறங்கும்போதுதான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று மலையோர டிரைவர்கள் சொல்வார்கள், அதைவிட நல்ல விதி இல்லை. இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது ஒரு அழுத்து அழுத்தி விட்டால் போதும். டாப் கியரில் போட்டுவிட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க்கும் பேடும் சூடாகி, ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. கருகிய நாற்றம் வந்தால் உடனே அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரைமணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், மேனுவல் மோடோ, எல் என்று போட்டிருப்பதோ, அதைப் பயன்படுத்துங்கள். மின்சார வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மலை மேல் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப இடமில்லாமல் வேலை செய்வதைக் குறைத்துவிடும், முழுச்சுமையும் சாதாரண பிரேக்கில் விழும். எண்பதோடு நிறுத்துங்கள்.

உட்காருகிற வரிசையையும் யோசிக்க வேண்டும். ஏழு சீட் வண்டியில் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் போடுவதுதான் எல்லோருடைய வழக்கம், மலைச்சாலையில் அதிகம் ஆடுவதும் வெளியே சரியாகத் தெரியாததும் அந்த வரிசைதான், அங்கே உட்கார்ந்தால் வாந்தி நிச்சயம். அப்பாவுக்கு முன்சீட், காலை நீட்டிக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகளும் உங்கள் அம்மாவும் நடுவில், சின்னதுக்குக் குழந்தை இருக்கை. மலைப்பகுதி வரும்போது தலைசுற்றல் இல்லாத ஒரு பெரியவர் பின்னால் போய்விடட்டும், அது அநேகமாக உங்கள் மனைவியாகத்தான் இருக்கும், அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் வீடியோ பார்த்தபடி வளைவில் ஏறினால் யாருக்கும் குமட்டும், ஆழியாறிலேயே எல்லாத் திரைகளையும் மூடிவிட வேண்டும். ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, காலி வயிறும் கூடாது. மாத்திரை தருவதென்றால் குழந்தை மருத்துவரிடம் வயதும் எடையும் சொல்லி அளவு கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. அந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

வால்பாறைக்கு இப்போது இ-பாஸ் வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இருந்தது, 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. அரசின் இணையதளத்தில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தங்கும் இடம், தேதி கொடுத்துப் பதிவு செய்கிற சின்ன வேலைதான். அறை முடிவானதும் செய்து, போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள், சாவடியில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அதே காரணத்துக்காக வரைபடத்தையும் ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸ் "பத்து நிமிடம் குறைவு" என்று எஸ்டேட்டுக்குள் திருப்பச் சொன்னால் திரும்பாதீர்கள், அது ஜீப் போகிற பாதையாக இருக்கும். சொந்த வண்டி இல்லாமல் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியை, கேரளா போக அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு வாங்குவது சட்டப்படி தவறு, விபத்து என்றால் காப்பீடும் கைவிடும்.

இரண்டாம் நாள் வால்பாறை. இந்த ஊரில் பார்க்கிற இடங்களின் பட்டியல் சின்னது, அதுதான் எனக்கு இந்த ஊரை இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம். காலை ஆறரை மணிக்கே பிள்ளைகளை ஸ்வெட்டரோடு வண்டியில் ஏற்றி, வந்த வழியிலேயே புதுத்தோட்டம் பக்கம் மெதுவாக ஓட்டிப் போங்கள். சிங்கவால் குரங்கு, உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற இனம், அங்கே சாலையோர மரங்களிலேயே கூட்டமாக இருக்கும். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற பாலங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவை சாலையில் இறங்கி வண்டியில் அடிபடாமல் குரங்குகள் கடப்பதற்காகக் கட்டியவை. பிஸ்கட் போடுகிற கைகள்தான் அவற்றைச் சாலைக்கு இறக்குகின்றன, தயவுசெய்து போடாதீர்கள், போடுகிறவரைப் பார்த்தால் சொல்லுங்கள். தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கிற சோலைத்துண்டுகளில் இருவாச்சி பறப்பதைப் பார்க்கலாம், பார்ப்பதற்கு முன்பே இறக்கைச் சத்தம் கேட்கும். காட்டுமாடு தோட்டத்துக்குள் மேய்ந்துகொண்டிருக்கும், இறங்கிப் போய்ப் படம் எடுக்க ஆசைப்பட வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனையோ சோலையாறு அணையோ, ஏதாவது ஒன்று. கூழாங்கல் ஆற்றில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வால்பாறை ஆறுகளில் குளிக்க இறங்கி இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள், மேலே மழை பெய்தால் கீழே திடீரென்று தண்ணீர் ஏறும்.

மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் அறைக்கு வெளியே தனியாக விளையாடக் கூடாது. இதை நான் சும்மா சொல்லவில்லை, வால்பாறைத் தோட்டங்களில் சிறுத்தை தாக்கிச் சின்னக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், சமீப ஆண்டுகளிலும். அங்கே வாழ்கிற தொழிலாளர் குடும்பங்களுக்கு அது அன்றாடக் கவலை. யானைக்கும் அவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்று மக்களின் போனுக்குத் தகவல் அனுப்புவதும், உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு எரியவிடுவதும் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தச் சிவப்பு விளக்கைக் கண்டால் பக்கத்தில் யானை என்று அர்த்தம். சாலையில் நேரே யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நில்லுங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், விளக்கை மினுக்காதீர்கள், என்ஜினை அணைக்காமல் வைத்திருந்து, அது முன்னால் வந்தால் பின்னால் எடுங்கள். எஸ்டேட் பஸ்ஸோ உள்ளூர் ஜீப்போ வந்தால் அவர்களைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்தான் நீளமான நாள், இதை மறைக்க விரும்பவில்லை. ஏழு மணிக்கு இறங்கினால் பத்து மணிக்குப் பொள்ளாச்சி, பதினொன்றுக்கு உடுமலை. அங்கே நல்ல சாப்பாடு, அப்பா காலை நீட்டி அரைமணி நேரம் உட்காரட்டும். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்தோடு மூணாறு. இந்தச் சாலையில் ஒரு அதிசயம் இருக்கிறது: காலையில் நீங்கள் விட்டுவந்த வால்பாறை, தென்மேற்குப் பருவமழையை முழுதாக வாங்குகிற ஊர், மதியம் நீங்கள் கடக்கிற சின்னாறு அதே மலையின் மறைவில் மழை விழாமல் போன முட்காடு. ஒரே மலைத்தொடரின் ஈரமான பக்கமும் காய்ந்த பக்கமும் ஒரே நாளில். எட்டு வயதுப் பிள்ளைக்கு மழைமறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் வரப்போகிறதே, அதைக் கண்ணால் பார்த்துவிடும். சின்னாறு ஆற்றோர மரங்களில் நரை அணில் என்கிற பெரிய அணில் இருக்கிறது.

மறையூரில் தேநீருக்கு நிறுத்துங்கள். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைகள் இருக்கும், மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி வேலிக்குள் எண் போட்ட மரங்கள் தெரிந்தால் அது சந்தனக்காடு. பாறை மேல் பழங்காலக் கல்லறைகளான கல்திட்டைகளும் உண்டு, ஏற வேண்டியிருக்கும், அப்பாவைக் கூட்டிப்போக வேண்டாம். மறையூரிலிருந்து மூணாறு 40 கிலோமீட்டர், ஏற ஏறக் காற்று மாறிவிடும்.

மூணாறில் டவுனுக்குள் அறை எடுக்காதீர்கள். விடுமுறை நாளில் அந்தக் கடைத்தெருவை வண்டியில் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். தேவிகுளம் பக்கமோ, போடி சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளியோ எடுத்தால் கடைசி நாள் இறங்குவதற்கும் அது வழியிலேயே அமையும். முன்பதிவு செய்யும்போது படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: அறை தரைத்தளத்திலா, படி எத்தனை, என் வண்டி வாசல் வரை வருமா, இல்லை ஜீப்பில் மாற வேண்டுமா, கழிப்பறை மேற்கத்திய முறையா. நடுக்கேள்விக்கு "வரும் சார், கொஞ்சம் ஆஃப் ரோடு" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். மூணாறில் தமிழ் எல்லோருக்கும் புரியும், தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாகத் தமிழர்கள், அதனால் மொழிக் கவலை வேண்டாம்.

நான்காம் நாள் காலை இரவிகுளம், முதல் நேரச்சீட்டு, இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். சொந்த வண்டி உள்ளே போகாது, வனத்துறை பஸ்ஸில் கூட்டிப்போய் இறக்கிவிடுவார்கள், அதற்கு மேல் ஏற்றத்தில் நடை. அப்பாவுக்கு முடியாவிட்டால் பஸ் நிற்கும் இடத்தோடு உட்கார்ந்துவிடலாம், அந்தப் பக்கத்திலேயே வரையாடு தெரிய வாய்ப்பு உண்டு. மதியத்துக்கு மேல் ஒன்றும் வைக்காதீர்கள். மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று எல்லோரும் ஒரே சாலையில் போய் நெரிசலில் நிற்பார்கள், நீங்கள் அறைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள். பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

ஐந்தாம் நாள் எட்டு மணிக்குக் கிளம்பி லாக்ஹார்ட் கேப், ஆனையிறங்கல் அணை, பூப்பாறை, போடிமெட்டு. சாலை அகலமாகிவிட்டது என்பதால் வேகம் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு, முழுக்க இறக்கம், மேலே சொன்ன இரண்டாவது கியர் விஷயத்துக்கு இதுதான் பரீட்சை. ஏலக்காய் வாங்குவதென்றால் போடியில் வாங்குங்கள், ஏலக்காய் ஏலமே நடக்கிற ஊர் அது. தேனி, திண்டுக்கல் வழியாக மாலைக்குள் வீடு. சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்து மொத்தம் 800 முதல் 850 கிலோமீட்டர், ஆறு பேரோடு மலையும் சமவெளியும் கலந்து லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்று வைத்தால் 65 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றே போட்டாலும் 6,500 ரூபாய். உங்களுக்குச் சொன்ன பேக்கேஜோடு ஒப்பிடும்போது எரிபொருளுக்கு இந்தத் தொகையை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? டிசம்பர் கடைசி வாரமும் மே மாதமும் வேண்டவே வேண்டாம், கூட்டம். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடுகிற காலம் என்று இரவிகுளத்தை வழக்கமாக மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையில் மழை, அட்டை, மண்சரிவு. என்னைக் கேட்டால் பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம், பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, வார நாட்களில். குளிர் கடுமையாக இருக்கும், மூணாறின் மேட்டு எஸ்டேட்டுகளில் ஜனவரியில் உறைபனியே விழும், பெரியவர்களுக்குக் குல்லாவும் காலுறையும் கட்டாயம்.

எந்த மாதம் போனாலும், கிளம்புவதற்கு முந்தைய நாள் கோவை, இடுக்கி, தேனி மூன்று மாவட்டங்களுக்கும் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். மூணாறு மலைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் அறைப் பணம் போகிறதே என்று யோசிக்காமல் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் சரிந்த மண், தூங்கிக்கொண்டிருந்த 70 தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரைக் கொண்டுபோனது, அந்த மலை அப்படிப்பட்டது. அதனால்தான் மூணாறு அறையை மட்டும் ரத்து செய்தால் பணம் திரும்புகிற வகையில் எடுக்கச் சொல்கிறேன், விலை கொஞ்சம் கூடினாலும். அப்படி ஒரு நிலை வந்தால் மூன்றாம் நாள் உடுமலையோடு நின்று, திருமூர்த்தி மலை, அமராவதி அணை, அங்கே இருக்கிற முதலைப் பண்ணை, பழனி என்று சமவெளியிலேயே இரண்டு நாளை ஓட்டிவிட்டுத் திரும்பலாம், பிள்ளைகளுக்கு முதலை வரையாட்டைவிடப் பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை. தேதி முடிவானதும் எழுதுங்கள், அன்றைக்கு எந்தச் சாலையில் வேலை நடக்கிறது, எந்தச் சாவடி எத்தனை மணி வரை என்று விசாரித்துச் சொல்கிறேன்.